ஐபோன் 13-ஐக் கொடுத்துவிட்டு 16இ வாங்கலாமா?

வணக்கம். உங்கள் ஐபோன் 13-இன் பேட்டரி ஹெல்த் (புதிதாக இருந்தபோது இருந்த திறனில் மிச்சம்) 78 சதவீதம், சாயங்காலத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது, அதனால் விலை குறைந்த 16இ-க்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற வேண்டாம் என்பேன். பேட்டரியை மட்டும் மாற்றுங்கள்.

16இ உங்கள் 13-ஐவிடப் புதுசுதான், ஆனால் விலையைக் குறைக்கச் சிலவற்றை வெட்டிவிட்டார்கள். பின்னால் ஒரே கேமரா. உங்கள் போனில் 0.5 பொத்தானைத் தொட்டால் சின்ன அறைக்குள்ளும் மொத்தக் குடும்பமும் படத்தில் அடங்குகிறதே, அந்த வசதி அதில் கிடையாது. பின்னணியை மங்கலாக்கி எடுக்கும் சினிமாட்டிக் வீடியோவும் இல்லை. காரில் காந்தத்தால் போனைப் பிடித்துக்கொள்ளும் மேக்சேஃப் ஹோல்டர் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். 16இ-யின் முதுகில் காந்தம் இல்லை, அப்படியே வைத்தால் ஹோல்டரில் ஒட்டாது. காந்தக் கவர் தனியாக வாங்க வேண்டும். திரை இரண்டிலும் 60 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும்; அதிலும் முன்னேற்றம் இல்லை.

கூடுதலாகக் கிடைப்பது ஏ18 சிப், யூஎஸ்பி-சி, நல்ல பேட்டரி, ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் என்ற ஏஐ வசதிகள். 2025 பிப்ரவரியில் 59,900 ரூபாய்க்கு வந்த போன் அது. புது பேட்டரிக்கு அதில் சிறு பங்குதான் ஆகும். உங்கள் 13-க்கு ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 26-உம் கிடைக்கிறது, வேகத்திலும் குறை சொல்லவில்லையே நீங்கள்.

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலேயே கொடுங்கள். போலி பேட்டரி போட்டால் செட்டிங்ஸில் அடையாளம் தெரியாத பாகம் என்று காட்டும், பிறகு விற்கும்போது விலை அடிபடும். அப்புறம், கொடுப்பதற்கு முன் முழு பேக்கப் எடுத்துவிடுங்கள்.