பழ ஈயும் அதன் குடல் பாக்டீரியாவும்: கேள்வி பதில்

பெங்களூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தோட்டம் வைத்திருக்கும் நம் தமிழ் அன்பர்கள் பழ ஈயைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு, பூச்சியியலில் நெடுநாள் பணியாற்றியவன் என்ற முறையில் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (மா விவசாயி, சீனிவாசப்பூர்): ஐயா, கிளிமூக்கும் பாதாமியுமாக நாலு ஏக்கர் வைத்திருக்கிறேன். பார்வைக்கு நன்றாக இருக்கும் பழத்தை அறுத்தால் உள்ளே புழு நெளிகிறது. பாக்டீரியாவை வைத்தே இந்த ஈயை அடக்கலாம் என்கிறார்கள். ஈக்கும் பாக்டீரியாவுக்கும் என்ன தொடர்பு?

பதில்: அடுத்த முறை அறுப்பதற்கு முன் பழத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளியும், அதைச் சுற்றிச் சற்றே நிறம் மாறிய தோலும் தெரியும். மெல்ல அமுக்கினால் சாறு துளிர்க்கும். பெண் ஈ முட்டையிட்ட இடம் அதுதான். முட்டையோடு தன் குடலில் வாழும் பாக்டீரியாவையும் அது அங்கே சேர்த்து வைத்துவிடுகிறது. பழச்சதையில் சர்க்கரை ஏராளம், புரதமோ மிகக் குறைவு. பாக்டீரியா பெருகிச் சதையைக் குழைத்து அழுகச் செய்வதால்தான் புழுவுக்கு அது ஏற்ற உணவாகிறது. ஆகவே நீங்கள் காணும் அழுகல் புழு வந்தபின் தற்செயலாக நேர்ந்ததன்று. தாய் ஈ பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்த சோறு என்றே அதைச் சொல்ல வேண்டும்.

இந்த உறவு எவ்வளவு நெருக்கமானது என்பதை ஆலிவ் ஈயிடம் தெளிவாகப் பார்க்கலாம். இத்தாலியரான பெட்ரி 1909-லேயே அதன் உடலில் இத்தகைய பாக்டீரியாவைக் கண்டு எழுதினார். பச்சை ஆலிவ் காயில் புழுவின் வளர்ச்சியைத் தடுக்கும் ஒலியூரோபின் என்னும் கசப்புப் பொருள் இருக்கிறது. பாக்டீரியா நீக்கப்பட்ட புழுவால் பச்சைக் காயில் வளர முடியவில்லை, பழுத்த காயில் மட்டுமே வளர முடிந்தது.

கேள்வி (வேளாண் மாணவி, ஹெப்பாள்): அப்படியானால் அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிட்டாலே போதாதா, ஐயா?

பதில்: நல்ல கேள்வி, அம்மா. ஆய்வகத்தில் அது நடக்கும். ஆனால் திறந்த தோப்பில் ஆன்டிபயாடிக் தெளிப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். மண்ணிலும் நீரிலும் மருந்துக்கு மசியாத கிருமிகளை நாமே வளர்த்துவிட்டதாக முடியும். ஆகவே ஆய்வாளர்களில் பலர் எதிர்ப்பக்கமாக, பாக்டீரியாவை நமக்குத் துணையாக்கிக்கொள்ளும் வழியை எடுத்தார்கள்.

ஆண் ஈக்களைப் பெருமளவில் வளர்த்து, கதிர்வீச்சால் மலடாக்கி, தோட்டங்களில் விட்டு, அவற்றோடு சேரும் பெண் ஈக்களின் முட்டை பொரியாமல் செய்யும் முறை பழையது. ஜப்பானின் ஒகினாவா தீவுகளில் 1972-இல் தொடங்கிய முயற்சி, 1993-இல் பூசணி ஈயை அங்கிருந்து முற்றிலும் ஒழித்தது. இதில் ஒரு குறை உண்டு. கதிர்வீச்சு ஈயின் குடலையும் பாதிக்கிறது. மத்தியதரைக் கடல் பழ ஈயில் கிளெப்சியெல்லா வகை பாக்டீரியா குறைந்துபோவதையும், அத்தகைய மலட்டு ஆண்கள் இணை சேரும் போட்டியில் காட்டு ஆண்களிடம் தோற்பதையும் கண்டார்கள். அந்தப் பாக்டீரியாவையே உணவில் கலந்து திரும்பக் கொடுத்தபோது அவற்றின் திறன் கூடியது. புழுக்களின் உணவில் என்டெரோபாக்டர் என்னும் மற்றொரு பாக்டீரியாவைச் சேர்த்த சோதனைகளில் கூட்டுப்புழுக்களின் எண்ணிக்கையும் உயர்ந்தது.

மற்றொரு வழி வோல்பாக்கியா என்னும் பாக்டீரியா. இது குடலில் அல்லாமல் செல்லுக்குள்ளேயே வாழ்வது. இதைச் சுமக்கும் ஆண், சுமக்காத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. செர்ரிப் பழ ஈயிலிருந்து எடுத்து மத்தியதரைக் கடல் பழ ஈக்குள் செலுத்தி, 2004-இல் இதை மெய்ப்பித்தார்கள். ஆனால் இத்தகைய ஆண்களைத் தோட்டத்தில் விடுமுன் பெண்களைத் துல்லியமாகப் பிரித்து நீக்காவிட்டால், வோல்பாக்கியா உள்ள ஈக்களே தோட்டத்தில் நிலைத்து, முறை பயனற்றுப் போகும். நம் மாமரத்தில் இருப்பது பாக்ட்ரோசெரா டார்சாலிஸ் என்ற வேறு இனம் என்பதையும் மறக்க வேண்டாம். ஓர் ஈயில் கண்ட பலனை மற்றோர் ஈக்கு அப்படியே எழுதிவிட முடியாது.

கேள்வி (மாடித்தோட்டம், அல்சூர்): மெத்தைல் யூஜினால் பொறி வாங்கிப் பாகற்கொடிப் பந்தலில் கட்டினேன். பிஞ்சுகள் வெம்பி விழுகின்றன. பொறியிலோ ஈ விழவில்லை.

பதில்: பொறியில் தவறில்லை அம்மா, உள்ளே வைக்கும் ஈயை இழுக்கும் வாசனைப் பொருள்தான் மாறிவிட்டது. மெத்தைல் யூஜினாலுக்கு மா, கொய்யா ஈக்கள் வரும்; பாகல், புடல், பீர்க்கு ஆகியவற்றைத் தாக்கும் ஈக்குக் கியூலூர் என்னும் வேறு வாசனைப் பொருளை வைக்க வேண்டும். இரண்டிலும் ஆண் ஈ மட்டுமே விழும். பெண் ஈ தேடுவது புரத உணவை. இலை மேலும் காய் மேலும் வளரும் பாக்டீரியாவைப் பழ ஈக்கள் உணவாகக் கொள்கின்றன என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1983-இல் எழுதினார்கள். பாக்டீரியா வெளியிடும் அம்மோனியா போன்ற வாசனைகளைக் கொண்டு பெண் ஈக்களை இழுக்கும் முயற்சி அதிலிருந்துதான் வளர்ந்தது. பாக்டீரியா வழிகளுள் சிறு தோட்டக்காரருக்கு முதலில் கைகொடுக்கப்போவது இதுவே என்பது என் கருத்து.

கேள்வி (கொய்யாத் தோட்டம், ஓசூர்): ‘நன்மை செய்யும் பாக்டீரியா, தெளித்தால் பழ ஈ சாகும்’ என்று ஒரு பொடி விற்கிறார்கள். வாங்கலாமா, ஐயா?

பதில்: வாங்காதீர்கள். மேலே தெளிப்பது, பழத்துக்குள் இருக்கும் புழுவைச் சென்று சேராது. மேலே சொன்ன குடல் பாக்டீரியா முறைகளுக்கும் அந்தப் பொடிக்கும் தொடர்பில்லை. பூச்சிமருந்தை ஓயாமல் தெளிப்பதும் தீர்வாகாது. டிரைகுளோர்பான் என்னும் மருந்தைச் சிதைக்கும் சிட்ரோபாக்டர் பாக்டீரியாவை டார்சாலிஸ் ஈயின் குடலிலேயே கண்டிருக்கிறார்கள்.

காய் எலுமிச்சை அளவுக்கு வந்ததும் உறை போடுங்கள். உதிர்ந்த பழத்தை மரத்தடியில் விடாமல் அன்றன்றே பொறுக்குங்கள். புழு அதிலிருந்து இறங்கி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிவிட்டால் அடுத்த தலைமுறை உங்கள் தோட்டத்திலேயே எழும். பொறுக்கியதை எருக்குழியில் கொட்டாமல், பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். அல்லது இரண்டடி ஆழத்தில் புதைத்து மண்ணை மிதித்து இறுக்குங்கள். பக்கத்துத் தோட்டக்காரரையும் அதே வாரத்தில் செய்யச் சொல்லுங்கள், ஈ வேலி பார்த்து நிற்பதில்லை.