கடைப் பூட்டும் கைப்பேசிப் பூட்டும்: மும்பை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

மும்பையில் கடையும் பட்டறையும் நடத்தும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் நான்கினை இந்த இதழில் எடுத்துக்கொண்டுள்ளோம். பெயர்களையும் கடை அடையாளங்களையும் நீக்கியிருக்கிறோம். தம் கடைக்குள் திருடன் எப்படிப் புகுந்தான் என்று எழுதுபவர் அக்கடையின் முகவரியை அச்சில் காண விரும்பமாட்டார்.

கேள்வி: தாராவி 90 அடி சாலைக்கு அருகே தோல் பை தைக்கும் பட்டறை நடத்துகிறேன். தீபாவளிக்கு ஆட்கள் ஊருக்குப் போயிருந்தபோது, கூரைத் தகட்டைப் பெயர்த்து உள்ளே இறங்கி, தோலையும் இரண்டு தையல் இயந்திரங்களின் மோட்டார்களையும் கொண்டுபோய்விட்டார்கள். கேமரா இருந்தது, ஆனால் அதன் பதிவுப் பெட்டியும் போய்விட்டது. வங்கிக் கடன் வாங்கியபோது எடுத்த காப்பீட்டில் இழப்பீடு கிடைக்குமா?

பதில்: முதலில் பாலிசியின் தலைப்பைப் பாருங்கள். கடனுக்காக வங்கிகள் எடுக்கச் சொல்வது பெரும்பாலும் தீ விபத்துக் காப்பீடாகவே இருக்கும். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்னும் பாலிசி, ரூ.5 கோடி வரை மதிப்புள்ள சிறு தொழில்களுக்கானது. அதில் திருட்டு என்ற சொல் இருப்பதைப் பார்த்துப் பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். ஆனால் தீ, வெள்ளம் போன்ற பாலிசியில் கூறப்பட்ட ஓர் இடர் நேர்ந்து, அதன் விளைவாக 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டுக்கே அது பொருந்தும். சாதாரண நாளில் கூரை வழியாக வருபவனுக்கு அது பொருந்தாது. அதற்குக் களவுக் காப்பீட்டைத் தனியாகவோ, கடைக்காரர்களுக்கான தொகுப்புப் பாலிசியின் ஒரு பிரிவாகவோ எடுத்திருக்க வேண்டும்.

களவுக் காப்பீடு இருக்கிறது என்றால், உங்கள் நிலை நல்லதுதான். உள்ளே நுழையவோ வெளியேறவோ வன்முறையாக எதையேனும் உடைத்ததற்கான தடயம் வேண்டும் என்பதே அதன் அடிப்படை விதி. பெயர்க்கப்பட்ட தகடு அந்தத் தடயம். ஆகவே காப்பீட்டு நிறுவனம் இழப்பை மதிப்பிட அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும் வரை, மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடினாலும், படம் எடுக்காமல் புதுத் தகடு அடித்துவிடாதீர்கள். மாறாக, வேலையாள் ஒருவர் மாற்றுச் சாவி போட்டுத் திறந்து எடுத்துச் சென்றிருந்தால் இந்தப் பாலிசி உதவாது. அதற்கு ஃபிடெலிட்டி கேரண்டி என்னும் வேறு காப்பீடு உண்டு.

தாராவிப் பட்டறைகளுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் தோலில் பாதி ஏற்றுமதியாளர் கூலிக்குத் தைத்துத்தரும்படி, அதாவது ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்ததாக இருக்கும். பிறர் பொருள் உங்கள் பொறுப்பில் இருக்கிறது என்று பாலிசியில் வெளிப்படையாக எழுதப்படாவிட்டால், அதற்கு இழப்பீடு கேட்க முடியாது. ஏற்றுமதியாளரோ உங்களிடம்தான் கணக்குக் கேட்பார். இருப்பைக் குறைத்துக் காட்டிப் பிரீமியத்தை மிச்சப்படுத்துவதும் இப்படித்தான் திரும்பி அடிக்கும். ரூ.10 லட்சம் சரக்கை ரூ.5 லட்சத்துக்குக் காப்பீடு செய்தவருக்கு ரூ.2 லட்சம் இழப்பு நேர்ந்தால், பொதுவாகப் பாதியாகிய ரூ.1 லட்சம்தான் கணக்கிடப்படும். முறையான பில் இல்லாமல் துண்டுச் சீட்டில் வாங்கிய தோலுக்கு அதுவும் கிடைப்பது கடினம்.

காவல் நிலையத்தில், வெறும் மனுவுக்கான ரசீதோடு திரும்பி வராமல் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யக் கேளுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி அதன் நகல் உங்களுக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும். மோட்டார்களின் வரிசை எண்ணைப் புகாரில் எழுதுங்கள். எண் இல்லாத பொருள் பின்னர் பிடிபட்டாலும், அது உங்களுடையதுதான் என்று நிறுவுவது பெரும்பாடு.

இனிச் செய்ய வேண்டியவற்றில், புதுக் கேமராவை நான் முதலில் வைக்கமாட்டேன். கூரைத் தகட்டுக்குக் கீழே சுவரோடு பற்றவைத்த இரும்புக் கம்பி வலையே முதல் செலவு. பக்கத்துக் காலாவோடு, அதாவது பக்கத்துப் பட்டறை அறையோடு, பொதுவாக உள்ள சுவர் மெல்லியதாக இருந்தால் அதை வலுப்படுத்துவது அடுத்தது. ஷட்டருக்கு மூன்று பூட்டுப் போட்டுவிட்டுக் கூரையைத் திறந்துவைத்திருக்கும் பட்டறைகளே அங்கு அதிகம். கேமராப் பதிவுப் பெட்டியை மானிட்டருக்கு அருகில் வைக்காமல் பூட்டிய மறைவிடத்தில் வைத்து, நகல் ஒன்று இணையச் சேமிப்பிலும் ஏறும்படி செய்யுங்கள். விற்றவர் வைத்துக்கொடுத்த பாஸ்வேர்டை அன்றே மாற்றிவிடுங்கள். அடுத்த முறை பதிவு கிடைத்தால், ஹார்டு டிஸ்க் நிரம்பிப் பழையது அழிவதற்குள் அதைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும். நீதிமன்றத்தில் அதைச் சான்றாகத் தர, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கோரும் சான்றிதழும் தேவைப்படும்.

கேள்வி: மாட்டுங்காவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறோம். சென்ற மாதம் ஒருவர் ரூ.14,500-க்குக் குத்துவிளக்குகள் வாங்கி யுபிஐயில் பணம் செலுத்தினார். சில நாட்களில் எங்கள் நடப்புக் கணக்கு முழுவதும் முடக்கப்பட்டது. வேறு மாநிலக் காவல்துறை கேட்டுக்கொண்டதாக வங்கியில் சொல்கிறார்கள். விற்றதைத் தவிர நாங்கள் என்ன செய்தோம்?

பதில்: நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. எங்கோ ஒருவர் ஏமாற்றப்பட்டு சைபர் மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணில் புகார் செய்திருப்பார். அந்தப் பணம் எந்தெந்தக் கணக்குகளுக்குப் போனது என்று தொடர்ந்து பார்த்து, ஒவ்வொன்றையும் நிறுத்திவைக்கும் முறை இருக்கிறது. ஏமாற்றியவனோ, அவனிடமிருந்து பணம் பெற்றவனோ உங்கள் கடையில் விளக்கு வாங்கியதால், அந்தச் சங்கிலியில் நீங்களும் ஒரு கண்ணியானீர்கள்.

கிளை மேலாளரிடம் வாக்குவாதம் செய்து பயனில்லை. முடக்கியது அவருடைய விருப்பம் அன்று. புகாரின் ஒப்புகை எண், காவல் நிலையத்தின் பெயர், விசாரணை அதிகாரியின் மின்னஞ்சல், சந்தேகத்துக்குரிய தொகை ஆகியவற்றை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். பிறகு ஜிஎஸ்டி பில், இருப்புப் பதிவு, அந்த நாளின் கணக்கு அறிக்கை, முடிந்தால் அந்த வாடிக்கையாளர் தெரியும் கேமராக் காட்சி ஆகியவற்றை இணைத்து அந்த அதிகாரிக்கு அனுப்பி, முடக்கத்தை ரூ.14,500 அளவுக்குச் சுருக்குமாறு கோருங்கள். சந்தேகத்துக்குரிய தொகைக்கு மேல் கணக்கை முடக்கிவைக்கக் கூடாது என்ற கருத்தில் கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் உத்தரவிட்டிருக்கிறது. கடிதத்தில் அதைக் குறிப்பிடலாம். பதில் வராவிட்டால் அந்த எல்லைக்குட்பட்ட மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டியிருக்கும். இதற்கிடையே, கணக்கைத் திறந்துதருகிறேன் என்று பணம் கேட்டு வருபவர் எவராயினும் அவரும் மோசடிக்காரரே.

வாடகை, சம்பளம், கடன் தவணை ஆகியவை போகும் கணக்கையும் கியூஆர் பலகைக்குப் பணம் வரும் கணக்கையும் இப்போதாவது பிரித்துவிடுங்கள். அது முழுப் பாதுகாப்பு அன்று. எனினும் ஒரு விளக்கு வியாபாரத்தால் கடைப் பையனின் சம்பளம் நின்றுபோகாமல் இருக்கும். காலையில் கடை திறந்ததும் கியூஆர் பலகையின் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, ஒரு ரூபாய் அனுப்பிச் சோதிப்பதும் நல்லது. வாடிக்கையாளர் காட்டும் செல்போன் திரையை ஒருபோதும் ரசீதாக ஏற்காதீர்கள். உங்கள் கணக்கில் வரவு காட்டினால்தான் பணம் வந்ததாகும்.

கேள்வி: செம்பூரில் அச்சகம் நடத்துகிறேன். வழக்கமாகக் காகிதம் தரும் வியாபாரியின் மின்னஞ்சலிலிருந்தே, வங்கிக் கணக்கு மாறிவிட்டதாகச் செய்தி வந்தது. ரூ.3,80,000 அனுப்பினேன். மறுநாள் விசாரித்தால் அவர் அனுப்பவே இல்லை என்கிறார். வங்கி பொறுப்பேற்குமா?

பதில்: இதைப் படிக்கும்போதும் 1930-இல் புகார் செய்திருக்கவில்லை என்றால், உடனே செய்யுங்கள், சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் பதிவு செய்யலாம். பணம் முதல் கணக்கில் இருக்கும்போதே தெரிவித்தால்தான் அதை நிறுத்திவைக்க முடியும். ஒரு இரவு கடந்துவிட்டால் அது பல கணக்குகளுக்குப் பிரிந்துபோயிருக்கலாம். புகார் செய்துவிட்டு வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள்.

வங்கியின் பொறுப்பைப் பொறுத்தவரை நல்ல செய்தி சொல்ல இயலவில்லை. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் நடந்த பரிவர்த்தனையை, அவர்மீதும் வங்கிமீதும் தவறில்லாத நிலையில், 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு அவரைச் சேராது என்று ரிசர்வ் வங்கி 2017-இல் விதி வகுத்தது. நீங்களோ உங்கள் கையாலேயே அனுப்பியிருக்கிறீர்கள். ஏமாற்றப்பட்டு அனுப்பினாலும் அது நீங்கள் அனுமதித்த பரிவர்த்தனையாகவே கொள்ளப்படும்.

உங்கள் மின்னஞ்சலிலும் வியாபாரியின் மின்னஞ்சலிலும், வரும் கடிதங்களை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் விதி ஏதேனும் ஒளிந்திருக்கிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் அந்த விதி நீடிக்கும். இனிமேல் கணக்கு மாற்றம் என்று எந்தச் செய்தி வந்தாலும், அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் வியாபாரியை அழைத்துக் குரலைக் கேட்ட பிறகே பணம் அனுப்புங்கள்.

கேள்வி: சயான் கோலிவாடாவில் மருந்துக்கடை. பில் போடும் கணினியின் கணக்குகளைப் பென் டிரைவில் நகல் எடுக்கிறோம். அது போதுமா?

பதில்: அந்தப் பென் டிரைவ் எப்போதும் கணினியிலேயே செருகியிருந்தால் போதாது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். இரண்டு டிரைவ்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஒன்றை வீட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை வேறு கணினியில் திறந்து, கணக்கு சரியாக வருகிறதா என்று பாருங்கள். கணினியில் இன்னும் விண்டோஸ் 10 ஓடுகிறது என்றால், அதற்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கடைச் செல்போனுக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு (செல்போனில் செயலியை நிறுவும் கோப்பு) எதையும், அது திருமண அழைப்பிதழ் என்றாலும் போக்குவரத்து அபராதச் சீட்டு என்றாலும், திறக்கக் கூடாது என்று கவுன்டரில் இருப்பவர்களிடம் சொல்லிவையுங்கள். அப்படி நிறுவப்படும் செயலி படித்துவிடக்கூடிய வங்கி ஓடிபி வருவதும் அதே செல்போனில்தான்.