இரவு ஒன்பதரை மணிக்கு அந்தத் தெரு

கேள்வி: என் மகளுக்கு மதுரையில், கோரிப்பாளையம் அருகே ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மதியப் பணி உள்ள வாரங்களில் வேலை முடிய இரவு ஒன்பது மணி ஆகிவிடும். என் கணவர் காலமாகிவிட்டதால் நானும் அவளோடு குடிபோகிறேன். இரண்டு வீடுகள் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று அண்ணா நகரில் உள்தெரு ஒன்றில் தனி வீடு, வாடகை 12,000 ரூபாய். மற்றொன்று செல்லூரில் ஐந்து குடித்தனங்கள் உள்ள காம்பவுண்டில் ஒரு வீடு; வாடகை 6,500; மாத வாடகை இல்லாமல் மொத்தமாகக் கொடுத்து, காலி செய்யும்போது திரும்ப வாங்கிக்கொள்ளும் ஒத்தி என்றால் 5 லட்சம். "வயசுப் பிள்ளையை வச்சுக்கிட்டு செல்லூர்லயா குடியிருக்கப் போற?" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். எந்த ஏரியா பாதுகாப்பானது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் சொந்தக்காரர்களில் எத்தனை பேர் செல்லூரில் ஒரு இரவாவது தங்கியிருக்கிறார்கள் என்று முதலில் கேட்டுப் பாருங்கள். மதுரைக்கு வெளியே மதுரையைப் பற்றி உலவும் பயத்தில் பெரும்பகுதி சினிமா கொடுத்தது. செல்லூர், கீரைத்துறை, ஜெய்ஹிந்துபுரம் என்று சொன்னவுடன் வெளியூர்க்காரர்களுக்கு அரிவாள்தான் நினைவுக்கு வருகிறது. அங்கே வாழ்கிறவர்களுக்கோ தறியும், பள்ளிக்கூடக் கட்டணமும், காலைத் தண்ணீரும்தான் அன்றாடக் கவலை. அங்கே குற்றமே நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பகுதிக்கு எப்போதோ ஒட்டிக்கொண்ட பெயர், அங்கே இருந்தவர்கள் மாறி, வீடுகள் மாறி, ஒரு தலைமுறை கடந்த பிறகும் போகாது. அந்தப் பெயரை வைத்து வீடு பார்ப்பவர், தான் குடிபோகும் தெருவைப் பார்க்காமலேயே முன்பணம் கொடுத்துவிடுகிறார்.

புள்ளிவிவரத்தைப் பார்த்து முடிவு செய்யலாமே என்று உங்கள் மகள் சொல்லக்கூடும். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில் 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 19 மாநகரங்களுக்குத் தனி அட்டவணை உண்டு. தமிழ்நாட்டிலிருந்து சென்னையும் கோவையும் அதில் இருக்கின்றன, மதுரை இல்லை. இருந்திருந்தாலும் உங்களுக்குப் பயன்பட்டிருக்காது. 100 வார்டுகள் கொண்ட மாநகராட்சிக்கு ஒட்டுமொத்தமாக ஒரு எண் கிடைத்தால், அதை வைத்து ஒரு சந்தின் இரவை எப்படி அளப்பது? தவிர, அந்த எண்கள் பதிவான வழக்குகளைத்தான் சொல்லும். பேருந்தில் இடிபட்டு, வாயைத் திறக்காமல் வீடு வந்து சேரும் பெண்களின் கணக்கு எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். திருமணமான புதிதில் நாங்கள் குடியிருந்தது மதுரையில் எல்லோரும் 'டீசண்டான ஏரியா' என்று சொல்லும் ஒரு காலனி. அகலமான தெரு, இரண்டு பக்கமும் வேப்பமரம், ஒவ்வொரு வீட்டுக்கும் ஆளுயர மதில், இரும்புக் கதவு. ஒரு மார்கழி விடியற்காலையில் நான் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது, பைக்கில் வந்த இருவரில் ஒருவன் ஒரு மருத்துவரின் வீட்டுக்கு வழி கேட்டான். நான் நிமிர்ந்து கையை நீட்டி வழி காட்டி முடிப்பதற்குள் கழுத்துச் சங்கிலி போய்விட்டது. கத்தினேன். தெருவில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. அக்கம்பக்கத்தார் நல்லவர்கள்தான், மதிலுக்கும் மூடிய சன்னலுக்கும் உள்ளே அவர்களுக்கு என் சத்தம் கேட்கவில்லை, அவ்வளவுதான். பின்னால் தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் ஒன்பது ஆண்டுகள் இருந்தோம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம்தான். ஆனால் இரவு பதினொரு மணிக்கு நான் தனியாகத் திரும்பினால், திண்ணையில் படுத்திருக்கும் பெரியவர் தலையைத் தூக்காமலேயே "இன்னைக்கு என்னம்மா லேட்டு?" என்பார். அந்த ஒரு கேள்வி எந்த சிசிடிவி கேமராவைவிடவும் எனக்குத் தெம்பாக இருந்தது. கேமரா, போனதைப் பிறகு காட்டும். பெரியவர் அந்த நேரத்தில் அங்கேயே இருந்தார்.

ஆகவே ஏரியாவை விட்டுவிடுங்கள். உங்கள் மகள் இறங்கும் இடத்திலிருந்து வீட்டு வாசல்வரை உள்ள சில நூறு அடிகளைப் பாருங்கள். அதையும் அவள் நடக்கப்போகும் நேரத்தில் பாருங்கள். வீடு பார்க்கப் போகிற எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறார்கள். அந்த நேரத்தில் எந்தத் தெருவும் அழகாகத்தான் இருக்கும். நீங்கள் ஒரு வேலை நாளில் மாலைப் பேருந்தில் ஆரப்பாளையம் வந்து இறங்குங்கள். இரவு ஒன்பது மணிக்கு, அவள் வேலை முடித்துக் கிளம்பும் இடத்திலிருந்து அவள் எப்படி வருவாளோ அப்படியே, டவுன் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்து, இரண்டு வீடுகளுக்கும் தனித்தனியாகப் போய்ப் பாருங்கள். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை என்பது பெரிய உதவிதான். ஆனால் அந்த நேரத்தில் எவ்வளவு நேரத்துக்கு ஒரு பேருந்து வருகிறது என்பதை நிறுத்தத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். வெறிச்சோடிய நிறுத்தத்தில் அரை மணி நேரம் நிற்பதும் அவள் பாதுகாப்பில் சேர்த்தி.

மதுரையைத் தூங்காநகரம் என்பது வெறும் பெருமைப் பேச்சு அல்ல, வீடு பார்க்கிறவர்களுக்கு அது ஒரு அளவுகோல். ஒரு தெருமுனையில் இரவு பத்தரை மணிக்கும் ஆவி பறக்கிற இட்லிக் கொப்பரையும், பருத்திப்பால் வண்டியும், ஈரத்துணி போர்த்திய மல்லிகைக் கூடையோடு ஒரு பூக்கார அம்மாவும் இருந்தால், அந்த முனையைக் கடந்து போகும் பெண்ணை நான்கு பேர் பார்க்கிறார்கள். அவர்கள் யாரும் காவலுக்கு உட்கார்ந்தவர்கள் அல்லர், பிழைப்புக்காக உட்கார்ந்திருப்பவர்கள். அதனாலேயே நாள் தவறாமல் இருப்பார்கள். தெருவில் யார் புதிது, எந்த பைக் மூன்றாவது முறையாகச் சுற்றி வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். இதே கூட்டம் டாஸ்மாக் வாசலில் கூடினால் கதை வேறு. டாஸ்மாக் கடைகள் மூடும் நேரம் இரவு பத்து மணி. கடைசி அரை மணி நேரத்தில்தான் நெரிசலும் சச்சரவும். உங்கள் மகள் வீடு திரும்பும் நேரமும் ஏறத்தாழ அதுவாக இருப்பதால், வழியில் அப்படி ஒரு கடை இருக்கிறதா, இருந்தால் சுற்றிப் போக வெளிச்சமுள்ள வேறு தெரு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். தெருவிளக்குகள் எரிகின்றனவா, காலி மனைகள் புதர் மண்டிக் கிடக்கின்றனவா, இரவில் நாய்கள் கூட்டமாகத் துரத்துகின்றனவா என்பதெல்லாம் சொல்லாமலேயே கண்ணில் படும். நாயைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இரவுப் பணி முடித்து வரும் பெண்களிடம் கேட்டால், மனிதர்களுக்கு முன்னால் நாயைத்தான் சொல்வார்கள்.

அடுத்து, கேட்கும் விதம். "இந்த ஏரியா எப்படி, பாதுகாப்பா?" என்று கேட்டால் உலகத்தில் ஒருவரும் 'இல்லை' என்று சொல்ல மாட்டார்கள், தன் தெருவை யார் விட்டுக்கொடுப்பார்கள்? வீட்டுத் தரகரிடம் கேட்பதோ வீண். பொட்டிக்கடையில் ஒரு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, "கடையை எத்தனை மணிக்கு அடைப்பீங்க?" என்று கேளுங்கள். ஒன்பதுக்கே அடைக்கிறார் என்றால் ஏன் என்று கேளுங்கள். வியாபாரம் இல்லை என்பது ஒரு பதில், தொந்தரவு என்பது வேறு பதில். காம்பவுண்டுக்குள் உள்ள பெண்களிடம், "இதுக்கு முன்னாடி இருந்தவங்க ஏன் காலி பண்ணினாங்க?" என்று கேளுங்கள். பைக்குகள் இரவில் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். வாசலில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தால் தெரு தன்னைப் பற்றியே ஒரு செய்தி சொல்கிறது. எல்லாவற்றையும்விட, உங்கள் மகளோடு வேலை பார்க்கப்போகும் பெண்களில் அதே ஒன்பது மணிக்குக் கிளம்புகிறவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், எப்படிப் போகிறார்கள் என்று விசாரியுங்கள். இருவர் ஒரே திசையில் போகிறார்கள் என்றால் அந்தத் திசையில் வீடு பார்ப்பது, வாடகையில் ஆயிரம் ரூபாய் கூடினாலும், லாபம்தான்.

காம்பவுண்டு வீட்டுக்கு ஒரு விலை உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மதுரைக்காரர்கள் வளவு என்று சொல்லும் இந்த அமைப்பில் ஐந்து வாசலும் ஒரே முற்றத்தைப் பார்த்துத் திறக்கும். உங்கள் மகள் மதியப் பணிக்குப் போன பிறகு நீங்கள் தனியாக இருக்கும் நேரங்களில், திடீரென்று மயக்கம் வந்தாலும், அறிமுகமில்லாத ஆள் வந்து நின்றாலும், ஒரு குரலுக்கு ஐந்து பேர் வருவார்கள். அதே ஐந்து பேர் உங்கள் மகளை யார் கொண்டுவந்து விட்டது, போனில் யாரோடு பேசுகிறாள், வரன் பார்க்கிறீர்களா என்றும் கேட்பார்கள். வீட்டுக்காரர் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கவும் வாய்ப்பிருக்கிறது. அந்தப் பதிலை வைத்துத்தான் வீடு என்றால், நாளைக்கு உங்களுக்கு ஒன்று என்றால் அவர் பக்கத்தில் நிற்பார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. மற்ற விசாரிப்புகளை எவ்வளவு பொறுத்துக்கொள்வது என்பதை உங்கள் மகளிடமே கேளுங்கள். தினமும் பதில் சொல்லப்போவது அவள்தான்.

செல்லூரைப் பற்றி எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அது உங்கள் சொந்தக்காரர்கள் சொன்ன காரணத்தால் அல்ல. 2024 அக்டோபர் கடைசியில் பெய்த பெருமழையில் செல்லூர்ப் பக்கத்துத் தெருக்கள் பலவற்றில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. செல்லூர் கண்மாயின் உபரிநீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போய்ச் சேர வேண்டும். அதை மீறிய தண்ணீர் தெருவுக்குத்தான் வரும். எனவே அந்தக் காம்பவுண்டில் அன்றைக்குத் தண்ணீர் எதுவரை வந்தது என்று நேராகக் கேளுங்கள். கேட்டுவிட்டு, படிக்கட்டுக்கு அடியிலும் கழிப்பறைச் சுவரிலும் சுண்ணாம்புக்குக் கீழே பழுப்புக் கோடு தெரிகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். புதிதாக இடுப்பளவுக்கு மட்டும் வெள்ளையடித்திருந்தால் அதுவே பதில்.

தீயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பரில் பெரியார் பேருந்து நிலையம் அருகே, கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் விடியற்காலையில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து கிளம்பிய தீயில் பெண்கள் உயிரிழந்தார்கள். பெண்பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று நினைத்து நாம் எல்லாச் சன்னலுக்கும் கம்பி போட்டு, இருக்கிற ஒரே கதவுக்கும் மூன்று பூட்டுப் போடுகிறோம். புகை சூழ்ந்தால் வெளியே வர இன்னொரு வழி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஒருவேளை நீங்கள் பிறகு ஊர் திரும்பி, மகளை விடுதியில் சேர்க்க நேர்ந்தால், 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள் விடுதிக்கு மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். உரிமத்தைக் காட்டுங்கள் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

ஒத்தி வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. மாத வாடகை மிச்சம் என்று பார்க்கும்போது ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 5 லட்சத்தை ஒருவர் கையில் கொடுத்துவிட்டால், தெரு சரியில்லை என்று மூன்றாவது மாதம் தெரிந்தாலும் உங்களால் நகர முடியாது. பணத்தைப் புரட்டித் தர அவர் வேறு ஆள் தேடும் வரை நீங்கள் அங்கேயேதான். ஒத்தியில் ஏமாந்தவர்கள் கதை மதுரையில் தெருவுக்கு ஒன்று உண்டு, சொத்தின் மேல் கடனோ அடமானமோ இருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்றையே பார்க்காமல் கொடுத்தவர்கள் கதை அதில் அதிகம். முதல் ஆறு மாதம் வாடகைக்கு இருங்கள். அதற்குள் தெருவை நீங்கள் அறிவீர்கள், தெரு உங்களை அறியும்.

காவல்துறை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீடு எந்தக் காவல் நிலையத்தின் எல்லைக்குள் வருகிறது என்பதைக் குடிபோகும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பதற்றத்தில் விசாரிக்க முடியாது. 100, 112, பெண்களுக்கான 181 ஆகிய எண்களை உங்கள் போனிலும் பதிந்து வையுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியை இருவரும் வைத்துக்கொள்ளலாம். திருவிழாவுக்கோ துக்கத்துக்கோ போடிக்கு வந்து சில நாள் தங்குவதாக இருந்தால், வீடு பூட்டியிருக்கும் செய்தியைக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு வாருங்கள். ரோந்து வருகிறவர்கள் ஒரு கண் வைப்பார்கள்.

கடிதத்தில் உள்ளதை மட்டும் வைத்து என்னை ஒன்று தேர்ந்தெடுக்கச் சொன்னால், தண்ணீர்க் கோடு இல்லாத பட்சத்தில், செல்லூர் வீட்டைத்தான் சொல்வேன். மாடியில் ஒரு பகுதி காலியாக இருந்தால் இன்னும் நல்லது. அண்ணா நகர் வீட்டைத் தள்ள வேண்டும் என்பதில்லை, இரவில் போய்ப் பார்க்கும்போது எதிர்வீட்டுத் திண்ணையிலோ பால்கனியிலோ ஆள் இருந்து, நீங்கள் நிற்பதைப் பார்த்து "யாரைத் தேடுறீங்க?" என்று ஒருவர் கேட்டுவிட்டால், என் பதிலை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு இடத்திலும் ஒருவரும் கேட்கவில்லை என்றால், முன்பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு மூன்றாவது வீடு பாருங்கள்.