வாரத்துக்கு 60 டொலர் நியாயம்

கேள்வி: சிட்னியில் இருக்கும் என் மகள், தனிப்பட்ட காருக்கு வீதிக் கட்டணம் வாரத்தில் 60 டொலரைத் தாண்டினால் மிகுதியை அரசாங்கமே திருப்பித் தருகிறது என்கிறாள். நான் தினமும் பேலியகொடையில் ஏறி, அதிவேக நெடுஞ்சாலையில் கட்டுநாயக்க வர்த்தக வலயத்துக்கு வேலைக்குப் போய் வருகிறேன். ஒரு சதம் குறைப்பாரில்லை. வாகனம் வைத்திருப்பவனை மட்டும் கறக்கும் இந்த நாட்டுக்கு அப்படியொரு நியாயமான திட்டம் ஏன் வரக்கூடாது?
– வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: மகள் சொன்னது சரிதான். ஆனால் பாதியோடு நிறுத்திவிட்டார்.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு 2024 ஜனவரி 1 முதல் அந்த மிகுதியைத் திருப்பித் தருகிறது. எந்தப் பணத்திலிருந்து? கட்டணம் அறவிடும் கம்பனி தன் கல்லாவிலிருந்து ஒன்றும் இறக்குவதில்லை. கொடுப்பது மாநிலத் திறைசேரி. அதாவது ரயிலில் போகிறவரும் கார் இல்லாதவரும் கட்டிய வரியும் அதில் இருக்கிறது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. அங்குள்ள வெஸ்ட்கனெக்ஸ் என்ற கட்டணச் சாலைகளின் கட்டணம் 2040 வரை ஆண்டுக்கு 4 வீதம் ஏறும், பணவீக்கம் அதைவிடக் கூடினால் அந்த அளவுக்கு ஏறும் என்று ஒப்பந்தமே இருக்கிறது. 60 டொலருக்கு மேலே போகிற தொகையை அரசு கட்டிக்கொண்டிருந்தால் கம்பனிக்கு எங்கே வலிக்கும்?

அந்த அரசு கேட்டு, பொருளியலாளர்கள் அலன் ஃபெல்ஸும் டேவிட் கசின்ஸும் 2024இல் கையளித்த மீளாய்வு அறிக்கை அதனால்தான் கட்டண முறையிலேயே கை வைக்கச் சொன்னது. சாலைக்கொரு கணக்கு வேண்டாம், எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். ஓடும் தூரம் கூடக் கூட கிலோமீற்றருக்கான விலை குறைய வேண்டும். தெற்கு நோக்கி வரும்போது மட்டும் அறவிடும், சிட்னித் துறைமுகத்துக்குக் குறுக்கேயுள்ள ஹாபர் பாலத்தில் இனி இரு பக்கமும் அறவிட வேண்டும். கடைசி யோசனை பற்றி மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்!

இனி நம்மூருக்கு வருவோம். இங்கே கம்பனி இல்லை, அறவிடுவது வீதி அபிவிருத்தி அதிகார சபை. ஏறும் இடத்தில் டிக்கெட், இறங்கும் இடத்தில் தூரத்துக்கேற்ற பணம். இந்த ஒன்றில் நாம் சிட்னிக்குச் சளைத்தவர்கள் அல்லர். நீங்கள் ஓடும் கட்டுநாயக்க வீதி சீன எக்சிம் வங்கிக் கடனில் கட்டி 2013 ஒக்டோபரில் திறந்தது. அந்தக் கடனுக்குப் பொறுப்பாளி, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுத் தவணைகளைக் கட்ட முடியாது என்று கைவிரித்த அதே திறைசேரி. அதனிடம் போய் உங்கள் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கிறீர்கள். அது வேறு யாரிடம் வாங்கித் தரும்? பெற்றோல் வரி கட்டும் ஓட்டோக்காரரிடமும் மோட்டார் சைக்கிள்காரரிடமும்தான். அவர்கள் இருவருக்கும் அந்த அதிவேக நெடுஞ்சாலையில் ஏறவே அனுமதியில்லை. அவர்கள் பழைய நீர்கொழும்பு வீதியில் புகை குடித்துக்கொண்டு போவார்கள், உங்கள் காருக்குக் கழிவும் கொடுப்பார்களா?

கறப்பது வாகனம் வைத்திருப்பவனை மட்டும் என்பதும் சரியில்லை. அதே வீதியில் ஓடும் 187 பஸ்ஸில் ஏறுகிறவரின் டிக்கெட்டுக்குள்ளும் இந்தக் கட்டணம் இருக்கிறது. பெரிய பஸ்ஸுக்கு அறவிடுவது காருக்கு அறவிடுவதைவிட அதிகம். பொறியியலாளரைக் கேட்டால் அதற்குக் காரணம் சொல்வார். 1950களின் கடைசியில் அமெரிக்காவின் இலினோயில் நடந்த வீதிப் பரிசோதனையிலிருந்து வந்த கணக்கின்படி, வாகனத்தின் ஓர் அச்சில் இறங்கும் பாரம் இரட்டிப்பானால் வீதியின் தேய்மானம் ஏறத்தாழ 16 மடங்கு. ஆகவே மணல் லொறி கூடக் கட்டட்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் காலையில் பேலியகொடையில் தட்டுப்பாடாக இருப்பது தார் அல்ல, இடம். நாற்பது பேரோடு வரும் பஸ் பிடிக்கும் இடத்தையும், தனியே நீங்கள் வரும் கார் பிடிக்கும் இடத்தையும் ஆளுக்கு ஆள் பிரித்துப் பாருங்கள். கட்டணம் குறைய வேண்டியது முதலில் பஸ்ஸுக்கு.

இடத்துக்கு விலை என்றால் நேரத்துக்கும் விலை வைக்க வேண்டும். சிங்கப்பூர் 1998 முதல் நேரத்துக்கு ஒரு விலையாக வாங்குகிறது. சிட்னி ஹாபர் பாலத்திலும் 2009 முதல் நெரிசல் நேரத்துக்குக் கூடுதல். நம் நெடுஞ்சாலைக்கும் அதே நியாயம்தான் பொருந்தும். நியாயத்தை எழுத்துக்கெழுத்து கொண்டுவந்தால் காலையில் போய் மாலையில் திரும்பும் உங்களுக்குத்தான் கூடும். இதை எழுதியதற்காக அடுத்த இதழை வாங்காமல் விட்டுவிடாதீர்கள்.

கட்டண விஷயத்தில் கேட்க நியாயமான கேள்வி ஒன்று இருக்கிறது, நீங்கள் அதைக் கேட்கவில்லை. ஒவ்வொரு நெடுஞ்சாலைக்கும் எவ்வளவு கடன் பாக்கி, வருடத்தில் எவ்வளவு அறவிட்டார்கள், பராமரிப்புக்கு எவ்வளவு போனது என்று கட்டணக் கூடத்திலேயே பலகை போட்டு எழுதி வைக்கட்டும். ஹாபர் பாலக் கடன் 1988இல் தீர்ந்தது, கட்டணம் இன்றுவரை தீரவில்லை. கணக்கு மக்கள் கண்ணில் படாவிட்டால் இங்கேயும் அதுதான் நடக்கும்.

தினசரிப் பயணிக்குச் சலுகைதான் வேண்டுமென்றால் சிட்னி வரை போகாமல் பாக்கு நீரிணையைத் தாண்டினாலே போதும். இந்தியத் தேசிய நெடுஞ்சாலைகளில் மாதத்துக்கு 50 தடவை போக, அத்தனை தடவைக்குமான கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மாதாந்தப் பாஸ் 2008ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. அடிக்கடி வருகிறவருக்கு வசூலிப்பவரே விலை குறைக்கும் ஏற்பாடு அது. அதைக் கேட்டு மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். மனுவின் முதல் வரியில் 187 பஸ் இருக்க வேண்டும், உங்கள் கார் இரண்டாவது வரியில்.