24 பக்கத்தில் பாரதி: எதை வைப்பது, எதை விடுவது?

கேள்வி: 6 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்குப் பாரதியை அறிமுகப்படுத்தும் படப்புத்தகம் எழுதியிருக்கிறேன். எட்டயபுரத்தில் பிறந்ததிலிருந்து மறைவு வரை 1,800 சொற்கள். 24 பக்கத்தில் அடங்காது என்கிறார் ஓவியர். எப்படிச் சுருக்குவது?

பதில்: சுருக்க வேண்டாம். சுருக்கினால் காசி, சுதேசமித்திரன், புதுச்சேரி என்று பெயர்கள்தான் மிஞ்சும். குழந்தைக்கு அவை வெறும் பெயர்கள். ஒரு பாட்டையும் அதற்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு நிகழ்ச்சியையும் எடுத்துக்கொண்டு புதிதாக எழுதுங்கள்.

முதலில் கணக்கு. 24 பக்கத்தில் தலைப்பு, பதிப்பு விவரம், கடைசிக் குறிப்பு போனால் கதைக்கு 4-5இலிருந்து 20-21 வரை 9 இரட்டைப் பக்கங்கள். ஒவ்வொன்றிலும் 30, 35 சொல் போதும், மொத்தம் 300. தமிழ்ச் சொல் நீளமானது, அதற்கு மேல் போனால் எழுத்து படத்தின் மீது ஏறும்.

"காக்கை குருவி எங்கள் ஜாதி" என்ற அடியை எடுத்துக்கொள்வோம். சமைக்க வைத்திருந்த அரிசியைப் பாரதி குருவிகளுக்கு இறைத்தார் என்பது குடும்பத்தார் நினைவுகளிலிருந்து பரவிய நிகழ்ச்சி. இதைச் சித்திரிக்கும்போது ஓவியர்கள் பெரும்பாலும் பாரதியின் சிரிப்பை மட்டும் தீட்டிவிடுகிறார்கள். அவர் மனைவி செல்லம்மாவின் கையில் காலி முறத்தைக் கொடுங்கள். அவர் முகத்தில் கோபம் வேண்டாம், யோசனை போதும். அடுத்த வேளைக்கு என்ன செய்வார் என்று குழந்தையே கேட்கும். அங்கேதான் புத்தகம் வேலை செய்யத் தொடங்குகிறது.

பாட்டு வரும் படத்தை 12-13இல் வையுங்கள். நடுவில் பின் அடித்த 24 பக்கப் புத்தகத்தில் ஒரே தாளாக விரியும் பக்கம் உள்ளே அது ஒன்றுதான். மற்ற இடங்களில் இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறு வேறு தாள். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் குருவி இரண்டாகும். ஆகவே அங்கெல்லாம் முகம், கை, எழுத்து எதுவும் நடுமடிப்பிலிருந்து 10 மி.மீ.க்குள் வரக்கூடாது. வெட்டும் ஓரத்தில் படத்தை 3 மி.மீ. கூடுதலாக வரையச் சொல்லுங்கள்.

பாட்டு வரியைத் தொடாதீர்கள். 'நீள்கடல்' புரியாது என்று 'பெரிய கடல்' ஆக்கினால் ஓசை போய்விடும். படத்தில் கடலை ஓரத்திலிருந்து ஓரம் வரை இழுத்தால் பொருள் தானே வந்துவிடும். பக்கத்தின் அடியில் அருஞ்சொற்பொருள் போடுவது பாடநூலுக்குச் சரி, இங்கே வேண்டாம்.

ஓவியருக்கு இன்னொன்று. தலைப்பாகையும் மீசையும் காசிக்குப் போனபின் வந்தவை. சிறுவன் சுப்பையாவுக்கு (பாரதியின் சிறுவயதுப் பெயர்) அவற்றை மாட்டிவிடும் புத்தகங்கள் நிறைய. யானையையும் கவனியுங்கள்: திருவல்லிக்கேணியில் அது தள்ளியதில் காயம்பட்டுத் தேறினார், ஈரோடு போய்ப் பேசியும் வந்தார். 1921 செப்டம்பரில் உயிரைப் பறித்தது வயிற்றுக்கடுப்பு. 'யானை மிதித்து இறந்தார்' என்று எழுதாதீர்கள். சாவையே கதைக்குள் கொண்டுவராமல், ஆண்டுகளைப் பெற்றோர் படிக்கும் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளலாம்.

எழுத்து 18 முதல் 20 பாயின்ட், வரி இடைவெளி 28க்குக் குறையாமல். வலது ஓரத்தைச் சமன் செய்யாதீர்கள், சொற்களுக்கிடையே ஓட்டை விழும்; வரிக்கடைசியில் சொல்லை உடைக்கவும் வேண்டாம். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற அமைப்பைப் போடாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அச்சுப்படியில் கொ, கோ, கௌ மூன்றையும் தேடிப் பாருங்கள்.

பாரதியின் பாடல்களுக்கு அனுமதி தேவையில்லை, அவை பொதுச்சொத்து. பிற கவிஞர் என்றால், நாட்டுடைமை ஆகாதவருக்கு இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு கடந்திருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வண்ணப் பாரதி ஓவியம் மட்டும் பொதுச்சொத்து என்று நினைக்காதீர்கள், அதை வரைந்தவருக்கு உரிமை உண்டு.