உதட்டை வலுவாக்கக் கருவி வாங்கலாமா?

கேள்வி: என் மகள் டிரம்பெட் கற்கத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. மேல் ஸ்வரங்களுக்குப் போனால் சீக்கிரமே உதடு சோர்ந்துவிடுகிறது என்கிறாள். உதட்டுத் தசைக்கான பயிற்சிக் கருவிகள் என்று இணையத்தில் பல விற்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: இப்போதைக்கு எதுவும் வேண்டாம். எட்டு மாதத்தில் உதடு சோர்வது சகஜம்தான். பல சமயம் தசையில் கோளாறு இருக்காது. மேலே போகப் போக மவுத்பீஸை (வாத்தியத்தில் உதடு வைத்து ஊதும் கழற்றக்கூடிய முனை) உதட்டோடு வைத்து அழுத்துகிற பழக்கம்தான் காரணம். வாசித்து முடித்த பிறகும் உதட்டில் வளையத் தடம் ஆழமாகப் பதிந்து, மறைய வெகுநேரம் ஆகிறதா என்று பாருங்கள். ஆகிறதென்றால் எந்தக் கருவியும் அதைச் சரிசெய்யாது.

விற்பவை பெரும்பாலும் மூன்று ரகம். உதடுகளுக்குள் கவ்விக்கொண்டு வெளியே இழுப்பது ஒன்று. தசைக்கு வேலை கிடைக்கும், ஆனால் ஒலியே கிடையாது. உதட்டை வைக்கும் விதம் தவறாக இருந்தால் அந்தத் தவறும் சேர்ந்து உறுதிப்படும் என்பது என் பயம். அடுத்தது, கைப்பிடி வைத்த வெறும் வளையம். உதடு அதிர்வதைக் கண்ணாடியில் பார்க்கலாம்; பக்கத்தில் ஆசிரியர் இருந்தால் பயனுண்டு. மூன்றாவது, ‘பெர்ப்’ போல, டிரம்பெட்டில் மவுத்பீஸ் நுழையும் இடத்தில் மாட்டுவது. வாத்தியத்தைப் பிடித்தபடியே, வால்வுகளை அழுத்திக்கொண்டே பஸ்ஸிங் (உதட்டை அதிரவிட்டு ஊதுவது) செய்யலாம், காற்றுக்கு உள்ள தடையைக் கூட்டிக் குறைக்கலாம். மூன்றில் இதற்குத்தான் என் ஓட்டு. அதுவும் பிறகு.

முதலில் கையில் இருக்கும் மவுத்பீஸ் போதும். அதன் தண்டு நுனியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் லேசாகப் பிடிக்கச் சொல்லுங்கள். அப்படிப் பிடித்தால் அழுத்தவே வராது. சிரமமில்லாத நடு ஸ்வரம் ஒன்றில் ஆரம்பித்து, சைரன் போல மெல்ல ஏறி இறங்க வேண்டும். பிறகு தெரிந்த பாட்டில் ஒரு வரி. சுருதி சேருகிறதா என்று கீபோர்டில் சரிபார்க்கலாம். சுண்டுவிரலால் நுனித் துளையைப் பாதி மூடினால் தடை கூடும். அந்த மூன்றாவது கருவி காசு வாங்கிக்கொண்டு செய்வதும் ஏறக்குறைய இதைத்தான்! நாளுக்கு ஐந்து நிமிடம், நடுவில் அதே அளவு ஓய்வு. வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

மவுத்பீஸ் இல்லாமல் வெறும் உதட்டை அதிரவிடுவதில் ஆசிரியர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. வாசிக்கும்போது குழாய்க்குள் அதிரும் காற்றே உதட்டுக்குத் துணை செய்கிறது. வெறும் உதட்டுக்கு அந்தத் துணை இல்லாததால் கூடுதலாக இறுக்க வேண்டியிருக்கும். அளவுக்கு மிஞ்சினால் அந்த இறுக்கம் வாசிப்பிலும் வந்து ஒட்டிக்கொள்ளும். ஓரிரு நிமிடத்தோடு விடுவது நல்லது.

கேள்வி: 7சி மவுத்பீஸை மாற்றி 3சி வாங்கச் சொல்கிறார் ஒரு கடைக்காரர். இன்னொருவர் 11பி4 காட்டுகிறார். எண் கூடினால் அளவும் கூடுமா?

பதில்: அது கம்பெனியைப் பொறுத்தது. பாக் மவுத்பீஸில் எண் குறையக் குறைய, உதடு படும் கிண்ணத்தின் விட்டம் பெரிது, யமஹாவில் நேர்மாறு. எழுத்து கிண்ணத்தின் ஆழத்தைச் சொல்வது. பாக்கில் ஏ ஆழமானது, யமஹாவில் ஏ ஆழம் குறைந்தது. பாக் 7சி-யும் யமஹா 11பி4-உம் கிட்டத்தட்ட ஒரே அளவுதான், அதற்காகக் காசு செலவழிக்காதீர்கள். ஆழம் குறைந்த கிண்ணம் ஒலியைக் கூர்மையாக்கும். எட்டாத ஸ்வரத்தை எட்டவைக்காது. டிரம்பெட் போன்ற இன்னொரு வாத்தியமான கார்னெட்டின் மவுத்பீஸ் டிரம்பெட்டுக்குப் பொருந்தாது, தண்டைக் கவனியுங்கள். உதட்டில் வைத்த பொருளைச் சுகாதாரம் கருதித் திரும்ப எடுக்காத கடைகள் உண்டு. அந்த நிபந்தனையைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பழைய மவுத்பீஸ் வாங்கலாமா?

பதில்: தாராளமாக. விளிம்பில் முலாம் தேய்ந்து பித்தளை தெரிந்தால் மட்டும் வேண்டாம், சிலருக்கு உதடு அரிக்கும். தண்டு நுனி கீழே விழுந்து நெளிந்திருக்கிறதா என்று வட்டத்தைப் பாருங்கள். வாங்கியதும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில், அதற்கென்று உள்ள பிரஷ்ஷால் உள்ளே வரை தேய்த்துக் கழுவிவிட்டு வாசிக்கலாம்.