கோடை ஏன் வருகிறது? 40,000 ரூபாய் மாடலா, ஒரு மீட்டர் கம்பா?

கேள்வி: திருவண்ணாமலை பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். படித்தது வரலாறு, ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியலும் நான்தான் எடுக்கிறேன். "கோடைக்காலம் ஏன் வருகிறது?" என்று கேட்டால் பாதி வகுப்பு "பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால்" என்கிறது. அச்சு 23½ டிகிரி சாய்ந்திருப்பதுதான் காரணம் என்று எழுதிப் போட்டு, படமும் வரைந்து காட்டிவிட்டேன். தேர்வில் சரியாக எழுதுகிறார்கள், வாயால் கேட்டால் மறுபடியும் பழைய பதில். மோட்டாரில் சுற்றும் சூரியன்-பூமி மாடல் ஒன்றை 40,000 ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் பள்ளிக்கு வந்து போகிறார். வாங்கலாமா என்று தலைமை ஆசிரியர் என்னைக் கேட்கிறார். என்ன சொல்வது?

பதில்: வேண்டாம் என்று சொல்லுங்கள், அம்மா. உங்கள் பிள்ளைகளிடம் இருக்கும் தவறான எண்ணத்தை அந்த மாடல் போக்காது, இன்னும் கெட்டிப்படுத்தத்தான் செய்யும். எப்படி என்று சொல்கிறேன்.

"பக்கத்தில் போவதால்" என்ற எண்ணம் பிள்ளைகளுக்குத் தானாக வந்ததில்லை. பெரும்பாலான கைடுகளிலும் சுவர்ப் படங்களிலும் பூமியின் சுற்றுப்பாதையைக் கோழிமுட்டை போல நீட்டி வரைந்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும் பிள்ளை, ஓரிடத்தில் பக்கம், ஓரிடத்தில் தூரம் என்றுதானே புரிந்துகொள்ளும்? உண்மையில் அந்தப் பாதை கிட்டத்தட்ட வட்டம். கரும்பலகையில் ஆணியும் நூலும் வைத்து ஒரு மீட்டர் விட்டத்தில் வட்டம் போடுங்கள். நீள்வட்டமாகச் சரியாக வரைய வேண்டுமென்றால் ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்குதான் குறைக்க வேண்டும். சாக்பீஸ் கோட்டின் தடிமனே அதைவிட அதிகம். சூரியனை மட்டும் மையத்திலிருந்து 8 மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். இதுதான் உண்மையான படம். ஐந்து நிமிட வேலை, செலவு கிடையாது.

அப்புறம் ஒரு கேள்வி கேளுங்கள். டிசம்பர் 26 அன்று மெல்போர்னில் டெஸ்ட் மேட்ச் தொடங்கும். ஆட்டக்காரர்கள் கோடை வெயிலில் நிற்பார்கள், நாம் இங்கே மார்கழிப் பனியில் போர்வையோடு டிவி பார்ப்போம். இரண்டு ஊரும் ஒரே பூமியில்தானே இருக்கின்றன? தூரம்தான் காரணம் என்றால் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் கோடை வர வேண்டுமே? பிள்ளைகள் முழிப்பார்கள். அந்த நேரம் பார்த்து எண்களைச் சொல்லுங்கள். ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.71 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. ஜூலை முதல் வாரத்தில் மிகத் தொலைவில், சுமார் 15.21 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. நமக்குக் குளிர் அடிக்கும் மாதத்தில்தான் சூரியன் பக்கத்தில் இருக்கிறான். இதைக் கேட்ட பிள்ளை லேசில் மறக்காது.

சரி, மாடலுக்கு வருவோம். தூரம் காரணம் இல்லை என்று தெரிந்ததும் பிள்ளைகள் அடுத்த தவறுக்குத் தாவுவார்கள்: "பூமி சாய்ந்திருப்பதால் வடபாதி சூரியனுக்குப் பக்கத்தில் வருகிறது." இதைத்தான் அந்த மாடல் ஊட்டி வளர்க்கிறது. சாய்வினால் என்னதான் பக்கத்தில் வந்தாலும் பூமியின் விட்டமான 12,742 கிலோமீட்டருக்கு மேல் வர முடியாது. 15 கோடி கிலோமீட்டருக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் மாடலில் பல்புக்கும் உருண்டைக்கும் ஒரு சாண் இடைவெளிதான். அங்கே சாய்ந்த பக்கம் நிஜமாகவே பல்பை நெருங்கிச் சூடேறும். பிள்ளை கண்ணால் பார்க்கிறது, தவறாகக் கற்றுக்கொள்கிறது. சரியான அளவில் மாடல் செய்வதென்றால் பூமி ஒரு சென்டிமீட்டர் மணி, சூரியன் ஒரு மீட்டருக்கும் பெரிய பந்து, நடுவில் 117 மீட்டர் தூரம். எந்த மேசையில் அது அடங்கும்?

இன்னொன்று, இதுதான் எனக்கு மிகவும் கோபம் வரவழைப்பது. மலிவாகச் செய்த மாடல்கள் சிலவற்றில், உருண்டையைத் தாங்கும் கை சூரியனைச் சுற்றும்போது உருண்டையின் அச்சும் கூடவே திரும்பிவிடுகிறது. அதாவது வருடம் முழுக்க வடதுருவம் சூரியனைப் பார்த்தே சாய்ந்திருக்கும். அப்படியானால் நமக்குக் கோடை முடியவே முடியாது. பருவகாலத்தை விளக்க வந்த பொருளில் பருவகாலமே இல்லை! விற்க வருபவரிடம் ஒரே ஒரு சோதனை வையுங்கள்: மாடலின் கையைப் பாதிச் சுற்று சுற்றச் சொல்லுங்கள். முதலில் அச்சு எந்தச் சுவரைக் காட்டியதோ, சுற்றிய பிறகும் அதே சுவரைத்தான் காட்ட வேண்டும். மாறினால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

இந்த ஆட்கள் எப்போது வருவார்கள் என்பதையும் கவனித்திருப்பீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் கூட்டம் அதிகம். நிதி 31 மார்ச்சுக்குள் செலவாக வேண்டும், இல்லையென்றால் திரும்பிப் போய்விடும் என்ற பயம் தலைமை ஆசிரியருக்கு. அந்தப் பயத்தை வைத்துத்தான் வியாபாரம். பில் தயாராக இருக்கும், பக்கத்துப் பள்ளி வாங்கிவிட்டது என்பார், மேலிடத்தில் சொல்லிவிட்டோம் என்பார். மேலிடம் சொன்னால் எழுத்தில் வரும். வாய்வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். மோட்டார் கெட்டால் சரிசெய்ய யார் வருவார்கள் என்று கேளுங்கள். வாங்கிய சாமான் இருப்புப் பதிவேட்டில் ஏறும், பீரோவுக்குள் போகும், அடுத்த ஆய்வில்தான் வெளியே வரும். பணத்தைச் செலவழித்தாயா என்று கேட்க நம் அமைப்பில் ஆள் இருக்கிறார்கள். பிள்ளைக்குப் புரிந்ததா என்று கேட்க ஆள் இல்லை. புவியியல் படித்த ஆசிரியரை நியமிக்காமல் வரலாறு படித்த உங்களிடம் பாடத்தைத் தள்ளிவிட்டு, குறையை மோட்டார் மாடலால் அடைக்கப் பார்ப்பதும் அதே புத்திதான்.

அதற்குப் பதில் ஒரு கம்பு போதும். தரைக்கு மேல் சரியாக ஒரு மீட்டர் நிற்கும்படி, நிழல் விழாத திறந்த இடத்தில் நட்டு வையுங்கள். ஊரில் கொத்தனார் யாராவது இருப்பார். தூக்குக்குண்டு பிடித்துக் கம்பு செங்குத்தாக நிற்கிறதா என்றும், ரசமட்டம் வைத்துத் தரை சமமாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கம்பு கோணினால் எல்லாம் கெட்டுவிடும்.

உச்சிப்பொழுது நிழலை அளக்க வேண்டும். கடிகாரத்தில் 12 மணி என்பது உச்சிப்பொழுது இல்லை. நம் கடிகாரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்த நேரம். நீங்கள் அதற்கு மேற்கே இருப்பதால் ஜூன், ஆகஸ்ட் மாதங்களில் 12.15-ஐ ஒட்டித்தான் சூரியன் உச்சிக்கு வரும். 12 மணியிலிருந்து 12.30 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் குறி வைக்கச் சொல்லுங்கள். மிகக் குட்டையான நிழல்தான் உங்களுக்கு வேண்டியது.

திருவண்ணாமலையில் என்ன கிடைக்கும் தெரியுமா? ஜூன் 21 அன்று நிழல் சுமார் 20 சென்டிமீட்டர், அதுவும் தெற்கு நோக்கி விழும். பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்; நம் ஊரில் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்துதான் போகும் என்று நினைத்திருப்பார்கள். ஆகஸ்ட் 21-ஐ ஒட்டி நிழலே இருக்காது. இதுதான் நிழலில்லா நாள். ஏப்ரல் 22-ஐ ஒட்டியும் இது வரும், ஆனால் அது தேர்வும் விடுமுறையுமான நேரம். ஆகஸ்டுதான் நமக்கு வசதி. செப்டம்பர் 22, 23-இல் நிழல் வடக்கே 22 சென்டிமீட்டர். டிசம்பர் 22 வாக்கில், அரையாண்டுத் தேர்வு முடியும் தறுவாயில், வடக்கே 72 சென்டிமீட்டர். நாகர்கோவிலில் ஆசிரியத் தோழி யாராவது இருந்தால் ஆகஸ்ட் 21 அன்று அவரையும் அளக்கச் சொல்லுங்கள். உங்கள் கம்புக்கு நிழல் இல்லாத அன்று அவருடைய கம்புக்குத் தெற்கே 7 சென்டிமீட்டர் நிழல் இருக்கும். பூமி உருண்டை என்பதையும் அதே கையோடு காட்டிவிடலாம்.

பொங்கலன்றுதானே உத்தராயணம் தொடங்குகிறது, நிழல் ஏன் டிசம்பரிலேயே குறைய ஆரம்பிக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்கும். பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடுகிறது, நிழல் சூரியனை மட்டும் வைத்துச் சொல்கிறது என்று சொல்லி மேலே போங்கள். ஒன்பதாம் வகுப்புக்கு அது போதும்.

சூரியன் உயரமாக நின்றால் ஏன் சூடு அதிகம்? டார்ச் லைட்டைக் கட்டம் போட்ட நோட்டில் நேராக அடித்து, எத்தனை கட்டத்தில் வெளிச்சம் விழுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பிறகு அதே தூரத்திலிருந்து சாய்த்து அடியுங்கள். அதே வெளிச்சம் அதிகக் கட்டங்களில் பரவி மங்கும். சூரியன் 30 டிகிரி உயரத்தில் நின்றால் வெயில் இரண்டு மடங்கு இடத்தில் பரவுகிறது. டிசம்பர் உச்சிப்பொழுதில் டெல்லியில் சூரியன் சுமார் 38 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது, உங்கள் ஊரில் 54 டிகிரி. பகல் நேரமும் டெல்லியில் ஜூனில் 14 மணி நேரத்தை நெருங்கி, டிசம்பரில் 10 மணி 20 நிமிடமாகச் சுருங்குகிறது. உங்கள் ஊரில் இந்த வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. நமக்கு ஏன் ஸ்வெட்டர் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டாம். தினசரி காலண்டரில் சூரிய உதயமும் அஸ்தமனமும் போட்டிருந்தால் பகல் நேரத்தைப் பிள்ளைகளே கணக்குப் போடட்டும்.

இங்கே ஒரு விதிவிலக்கு வருகிறது. இதை நிதானமாகவே சொல்ல வேண்டும். நல்ல பிள்ளை ஒன்று கட்டாயம் கேட்கும், பாடப்புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். ஜூன் 21 அன்று சூரியன் கடகரேகைக்கு நேர் மேலே இருப்பதால் வட அரைக்கோளத்தில் அப்போது கோடை என்று படிக்கிறோம். ஆனால் கத்திரி வெயில் மே மாதத்தில் அல்லவா? காரணம், நாம் கடகரேகைக்குத் தெற்கே இருக்கிறோம். சூரியன் நம் தலைக்கு மேல் வருடத்தில் இரண்டு முறை கடக்கிறது. ஏப்ரல் 11 வாக்கில் கன்னியாகுமரியைத் தாண்டி, ஏப்ரல் கடைசி வாரத்தில் மாநிலத்தின் வட எல்லையைத் தாண்டிவிடும். தரையும் காற்றும் சூடேறச் சில வாரங்கள் பிடிக்கும். வானத்தில் மேகம் இல்லை, மண்ணில் ஈரம் இல்லை. அதனால் மே மாதம் கொதிக்கிறது. இதே சூரியன் ஆகஸ்டில் மறுபடியும் தலைக்கு மேல் வருகிறதே, அப்போது ஏன் கத்திரி இல்லை? தென்மேற்குப் பருவக்காற்றின் மேகம் வெயிலை மறைக்கிறது. உங்கள் மாவட்டத்தில் அப்போது சாயங்காலங்களில் இடிமழை பெய்யும். மண் ஈரமாக இருப்பதால், விழும் வெயிலில் ஒரு பங்கு அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். சூரியனின் உயரம் ஒன்றுதான், வெயில் ஒன்றில்லை. வளிமண்டலம், நீர்க்கோளம், நிலக்கோளம் என்று தனித்தனிப் பாடமாக வைத்திருக்கிறார்களே, அவை மூன்றும் சேர்ந்து வேலை செய்வதை இந்த ஏப்ரல்-ஆகஸ்ட் ஒப்பீட்டில் காட்டலாம். இதற்கு ஒரு முழு பீரியட் கொடுங்கள். பருவமழைப் பாடம் வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

அச்சு திசை மாறாது என்பதைக் காட்ட மாடல் வேண்டாம், உலக உருண்டை போதும். ஒரு பிள்ளையை நடுவில் சூரியனாக நிற்க வையுங்கள். இன்னொரு பிள்ளை உருண்டையை ஏந்தி, அச்சு எப்போதும் வகுப்பின் வடக்குச் சுவரையே காட்டும்படி சுற்றி வரட்டும். வடக்கு-தெற்குக் கோடு எது என்று கம்பின் உச்சிப்பொழுது நிழலே சொல்லிவிடும்.

தேர்வுக்கு வினாத்தாள் என்ன கேட்கிறதோ அதையே எழுதட்டும், மதிப்பெண் போக வேண்டாம். ஆனால் விடைக்குக் கீழே ஜூன் நிழலையும் டிசம்பர் நிழலையும் சிறு படமாக வரையப் பழக்குங்கள். திருத்துபவர் எப்படி எடுத்துக்கொண்டாலும், வரையத் தெரிந்த பிள்ளை வாயால் கேட்டாலும் சரியாகச் சொல்லும்.

ஜூன் 21 அன்று மேகமாக இருந்தால் கவலைப்பட வேண்டாம். அந்த வாரம் முழுக்க உச்சிச் சூரியனின் உயரம் கால் டிகிரி கூட மாறாது. 18 முதல் 24 வரை வெயில் அடிக்கும் எந்த நாளிலும் அளக்கலாம். ஆகஸ்டில் அப்படிச் சலுகை கிடையாது. இரண்டு நாள் தவறினாலே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நிழல் வந்துவிடும். அதனால் 19-ஆம் தேதியிலிருந்தே தினமும் ஒரு பிள்ளையை அளக்க விடுங்கள்.